வெளிநாட்டு ஜிம்மில் நம் இளைஞர்கள்: எழுதிய விதியும் எழுதாத விதியும்

சென்ற மாதம் ஜுமுஆ முடிந்ததும் ஒரு தம்பி சலாம் சொல்லிக் கைகொடுத்தார். திருத்தணிக்குப் பக்கத்துக் கிராமம். துபாயில் கிடங்கு வேலை, மறுவாரம் பயணம். துஆச் செய்யச் சொல்லத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். அதையும் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஹஜ்ரத், அங்கே ஜிம் இருக்காம். நம்ம ஊர் ஜிம் மாதிரியே போயிட்டு வரலாமில்ல?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் இன்னொரு தம்பியின் நினைவு வந்தது. வளைகுடா நாடொன்றில் ஜிம் கண்ணாடி முன் நின்று தன் புஜத்தை வீடியோ எடுத்தார். பின்னால் நின்ற வேறொருவரின் முகமும் அதில் விழுந்தது. வீடியோவை ஊர் நண்பர்களுக்கு அனுப்பியதோடு நிற்காமல் பொதுவிலும் போட்டுவிட்டார். புகார் போய், மன்னிப்புக் கேட்டு, அழித்துக் காட்டிய பிறகுதான் விவகாரம் முடிந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத பிள்ளை. நம் ஊரில் தினமும் செய்ததை அங்கேயும் செய்தார், அவ்வளவுதான்.

உடலைப் பேணுவது நல்ல விஷயம். பலமான இறைநம்பிக்கையாளரை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னதும், ருகானா என்ற மல்லருடன் அவர்கள் மல்லுக்கட்டியதாக வந்துள்ள அறிவிப்பும் நாம் அறிந்தவையே. ஆனால் பலம் சேர்க்கப் போன இடத்தில் மரியாதையை இழந்து வரக்கூடாது. பயணம் கிளம்பும் சகோதரர்களுக்கும் அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நம் ஊர் ஜிம்மின் பழக்கம்

நம் பக்கத்து ஜிம்கள் பலவும் ஒரு ஷெட்டில் நடப்பவை. சுவரில் ஆஞ்சநேயர் படம் இருக்கும். காலையில் கற்பூர வாசனை இருக்கும். நம் பிள்ளைகளும் அங்கேதான் பயிற்சி எடுக்கிறார்கள், யாரும் யாரையும் சங்கடப்படுத்துவதில்லை. மாஸ்டர் எல்லோரையும் பெயர் சொல்லி அழைப்பார். பாட்டுச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். ஒருவர் பெஞ்சில் படுத்திருக்கும்போதே நாலு பேர் சுற்றி நின்று "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு" என்று குரல் கொடுப்பார்கள். தெரியாதவர் தவறாகத் தூக்கினால் "தம்பி, முதுகை நிமிர்த்து" என்று தொட்டுத் திருத்துவார்கள். வெறுங்காலோடும் செருப்போடும் வருபவர்கள் உண்டு.

இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. இது ஒரு குடும்பம் மாதிரி. வெளிநாட்டு ஜிம்மில் வருபவர் பெரும்பாலும் தனியாக வருகிறார், காதில் இயர்போன் மாட்டிக்கொள்கிறார், முக்கால் மணி நேரம் யாரோடும் பேசாமல் போய்விடுகிறார். அது திமிர் அல்ல; அந்த ஊரின் மரியாதை அது. நாம் அன்பாக நினைத்துச் செய்வது அங்கே தொந்தரவாகப் படும் என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த மூன்று ஒழுங்குகள்

புதிதாக எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சபையில் நடந்துகொள்ளும் ஒழுங்காக நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தவற்றில் மூன்றை ஜிம்முக்குள் எடுத்துச் சென்றாலே போதும்; முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒன்று, இட உரிமை. உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காரக் கூடாது என்பதும், எழுந்து போனவர் திரும்பி வந்தால் அந்த இடத்துக்கு அவரே உரியவர் என்பதும் ஹதீஸ்களில் வந்துள்ளவை. பெஞ்சின் மேல் டவலோ தண்ணீர் பாட்டிலோ இருந்தால் ஆள் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார் என்று பொருள். அதை நகர்த்தாதீர்கள். "இன்னும் எத்தனை செட் இருக்கிறது? நடுவில் நானும் ஒரு செட் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. இடம் உங்களுடையது என்பதற்காக, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பத்து நிமிடம் வாட்ஸ்அப் பார்க்கக் கூடாது.

இரண்டு, வாடை. பச்சைப் பூண்டும் வெங்காயமும் சாப்பிட்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்று சொல்லப்பட்டது, பக்கத்தில் நிற்பவர் சங்கடப்படுவார் என்பதற்காகவே. எட்டு மணி நேரம் வெயிலில் வேலை செய்த சட்டையோடு நேராக ஜிம்முக்குப் போவதும் அதே கணக்குதான். வேறு சட்டை, துவைத்த சாக்ஸ், வேர்வை துடைக்க ஒரு டவல் வேண்டும். அத்தரையும் அளவோடு பூசுங்கள்; மூடிய ஏசி அறையில் கடும் வாசனையும் தலைவலியைத் தரும்.

மூன்று, பேச்சு. மூன்று பேர் இருக்கையில் ஒருவரை விட்டுவிட்டு இருவர் மட்டும் ரகசியம் பேசுவதை மார்க்கம் தடுத்தது. புரியாத மொழியில் இரண்டு பேர் உரக்கப் பேசிச் சிரித்தால், தன்னைத்தான் கேலி செய்கிறார்களோ என்று பக்கத்தில் இருப்பவர் நினைப்பார். தமிழில் பேசுங்கள், ஆனால் குரலைத் தாழ்த்துங்கள்.

வளைகுடா: கேமராவில் கவனம்

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் இணையக் குற்றச் சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரை அவர் சம்மதமின்றிப் படம் எடுத்து அவருடைய அந்தரங்கத்தில் தலையிடுவது அதன் 44ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டில் ஒன்று. சவூதியில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி கேமரா போனைத் தவறாகப் பயன்படுத்தி அடுத்தவர் அந்தரங்கத்தில் நுழைந்தால் ஓராண்டு வரை சிறையும் 5,00,000 ரியால் வரை அபராதமும் உண்டு. மாதச் சம்பளத்தை எண்ணி வீட்டுக்கு அனுப்பும் ஒரு குடும்பத்துக்கு இது எத்தனை ஆண்டு உழைப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே ஜிம்முக்குள் செல்ஃபி வேண்டாம். உடை மாற்றும் அறையில் போனைக் கையில் எடுக்கவே வேண்டாம்; நீங்கள் செய்தி படித்துக்கொண்டிருந்தாலும் பார்ப்பவருக்கு அது கேமராதான்.

சவூதி 2019இல் பொது ஒழுக்க விதிமுறை என்று ஒன்றைக் கொண்டுவந்து 19 மீறல்களைப் பட்டியலிட்டது. பொது இடத்தில் கண்ணியமற்ற உடை, தொழுகை நேரத்தில் இசை, அனுமதியின்றிப் படம் எடுத்தல் ஆகியவை அதில் வருகின்றன. தொழுகை நேரத்தில் கடைகளை மூடும் கட்டாயம் 2021இல் தளர்ந்தது என்றாலும் பாங்கு சொன்னதும் பாட்டை நிறுத்துவது நல்ல பழக்கம். ரமலானில் ஜிம்களின் நேரம் மாறும். இஃப்தாருக்குப் பிறகு நள்ளிரவு தாண்டியும் பல இடங்கள் திறந்திருக்கும். நோன்பில்லாத நம் ஊர்ச் சகோதர சமயத்து நண்பர்கள் பகலில் எல்லோர் எதிரிலும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மரியாதையாக இருக்கும் என்பதை அவர்களிடம் அன்பாகச் சொல்லி வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. உடற்பயிற்சி நன்றாகத் தெரிந்த தம்பிகள் சிலர் அறைத் தோழர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஜிம்மில் சொல்லித்தர ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலான ஜிம்களில் அங்கே நியமிக்கப்பட்ட பயிற்சியாளர் தவிர வேறு யாரும் கட்டணம் வாங்கிப் பயிற்சி தர அனுமதியில்லை. விசா எடுத்துத் தந்த நிறுவனம் தவிர வேறிடத்தில் அனுமதியின்றிச் சம்பாதிப்பது சட்டப்படியும் சிக்கல். நண்பனுக்கு உதவுவது வேறு, தொழிலாகச் செய்வது வேறு.

சிங்கப்பூரும் மேற்கு நாடுகளும்: டவல், ஷூ, சத்தம்

சிங்கப்பூரில் அரசு விளையாட்டு அமைப்பு நடத்தும் ஆக்டிவ் எஸ்ஜி ஜிம்களுக்கு டவலும் காலை மூடிய ஷூவும் கொண்டு போக வேண்டும். ஜெர்மனியில் டவலை விரித்து அதன் மேல்தான் மெஷினில் உட்கார வேண்டும். தெருவில் போட்டு வந்த ஷூவோடு உள்ளே வரக்கூடாது. ஜப்பானில் பல ஜிம்களில் உள்ளே போட மட்டும் தனி ஷூ வேண்டும். பச்சை குத்தியவர்களை அனுமதிக்காத இடங்களும் அங்கே உண்டு. நமக்கு இது புதிதல்ல. பள்ளிவாசல் வாசலிலும் மலைக்கோயிலின் 365 படிகளின் கீழேயும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற ஊரில் வளர்ந்தவர்கள் நாம்.

பயிற்சி முடிந்ததும் பிளேட்டுகளைக் கழற்றி அதனதன் இடத்தில் வைப்பதும், மெஷினில் பட்ட வேர்வையைத் துடைப்பதும் எல்லா நாட்டிலும் பொது. நம் ஊரில் மாஸ்டரோ சின்னப் பையனோ எடுத்து வைத்துவிடுவார்கள். அங்கே அப்படியே விட்டுப் போனால் வளர்ப்பு சரியில்லை என்று நினைப்பார்கள்.

அமெரிக்காவில் பிளேட்டுகள் பெரும்பாலும் பவுண்டில் இருக்கும். 45 என்று எழுதியிருப்பது 45 கிலோ அல்ல, ஏறக்குறைய 20 கிலோ. நீண்ட பாரும் வெறுமையாகவே 20 கிலோ எடை இருக்கும். 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிய பிளானட் ஃபிட்னஸ் என்ற ஜிம்மின் கிளைகளில் எடையைத் தடாலென்று போட்டாலோ கத்தித் தூக்கினாலோ ஒலிக்க ஒரு சைரனே வைத்திருக்கிறார்கள். ஊக்கத்துக்காக நாம் போடும் சத்தம் புதிதாக வந்தவரை மிரட்டுகிறது என்பது அவர்கள் நினைப்பு.

கேட்காமல் யாருக்கும் ஆலோசனை சொல்லாதீர்கள். தொட்டுத் திருத்தவே கூடாது. ஆபத்தாகத் தெரிந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள். பெரிய எடையைத் தூக்கும்போது துணைக்கு ஒருவர் நிற்க வேண்டுமென்றால் கேட்கத் தயங்க வேண்டாம். அந்த ஒரு விஷயத்துக்கு முன்பின் தெரியாதவரும் மகிழ்ச்சியோடு வந்து நிற்பார்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிற்சி செய்யும் இடங்கள் அங்கே அதிகம். பார்வையைத் தாழ்த்துவது நமக்குக் கடமை. அந்நாடுகளில் உற்றுப் பார்ப்பதே தொல்லையாகப் புகார் செய்யப்படும். கண்ணாடி வழியாகப் பார்ப்பதும் பார்வைதான்.

அவ்ரத், உளூ, தொழுகை

ஆண்களுக்குத் தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைப்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. முழங்காலுக்குக் கீழ் வரும் தளர்வான ஷார்ட்ஸ் எந்த நாட்டு ஜிம்மிலும் கிடைக்கும், எங்கும் ஏற்பார்கள். சிக்கல் குளியலறையில்தான். ஜெர்மனியிலும் வட ஐரோப்பாவிலும் பல இடங்களில் தடுப்பில்லாமல் எல்லோரும் ஒன்றாக, உடையின்றிக் குளிப்பார்கள். ஐஸ்லாந்தின் பொது நீச்சல் குளங்களில் நீச்சலுடையைக் கழற்றி சோப்புப் போட்டுக் குளித்த பிறகே குளத்தில் இறங்க வேண்டும் என்பது விதி. ஜப்பானியப் பொதுக் குளியலிடங்களில் உடையோடு இறங்க விடுவதில்லை.

இங்கே வாக்குவாதம் தேவையில்லை. அவர்களுக்கு அது சுகாதாரம், வெட்கக்கேடு அல்ல. நமக்கு நம் எல்லை உண்டு. கதவுள்ள தனி அறை இருக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள். இல்லையென்றால் அறைக்குத் திரும்பி வந்து குளியுங்கள். நம் எல்லையை நாம் காத்தால் போதும். அவர்களைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

ஜிம் கழுவுதொட்டியில் காலைத் தூக்கி வைத்து உளூச் செய்வது பல நாடுகளில் கசப்பை உண்டாக்குகிறது. முகம் கழுவும் இடத்தில் கால் வைத்தார், தரையெல்லாம் தண்ணீர் என்று புகார் வருகிறது. வழுக்கி விழுந்தால் அந்தப் பாவம் யாருக்கு? அறையிலேயே உளூச் செய்துவிட்டுக் கிளம்புங்கள். வேர்வையால் உளூ முறியாது. வக்து நெருங்கினால் வரவேற்பு மேசையில் "ஐந்து நிமிடம் தொழ ஓர் ஓரம் கிடைக்குமா" என்று கேளுங்கள். கேட்காமல் நடைபாதையில் நிற்பதைவிட, கேட்டுவிட்டு ஓர் அறையில் நிற்பது தொழுகைக்கும் நல்லது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், அல்லது இஷாவுக்குப் பிறகு என்று நேரத்தை அமைத்துக்கொண்டால் இந்தச் சிரமமே இல்லை.

சகோதரிகளுக்கு

கணவரோடு வெளிநாடு போகும் சகோதரிகளும் மருத்துவர் சொன்னதால் நடைப்பயிற்சிக்கும் ஜிம்முக்கும் போகிறார்கள். சவூதியில் பெண்கள் ஜிம்களுக்கு 2017 முதல் உரிமம் தரப்படுகிறது. அமீரகத்தில் பெண்களுக்கென்று தனிப் பகுதி உள்ள ஜிம்கள் பல. மற்ற நாடுகளில் பெண்களுக்கு மட்டும் என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.

கேட்பதால் என்ன ஆகும் என்பதற்குக் குல்ஸூம் அப்துல்லாஹ் ஓர் உதாரணம். பாகிஸ்தானிய வம்சாவளி அமெரிக்கர், கணினிப் பொறியியலில் முனைவர், பளுதூக்கும் வீராங்கனை. முழங்கையும் முழங்காலும் தெரிய வேண்டும் என்ற விதியால், உடலை மறைத்து உடுத்தும் அவரால் போட்டியில் இறங்க முடியவில்லை. மூட்டு நிமிர்ந்ததா என்று நடுவர் பார்க்க வேண்டும் என்பதே அந்த விதியின் காரணம். அதை அவர் எதிர்த்துக் கூச்சலிடவில்லை. நடுவரின் தேவையும் தன் தேவையும் சேர்ந்து நிறைவேற வழியுண்டு என்று எழுத்தில் எடுத்துச் சொன்னார். 2011 ஜூனில் சர்வதேசப் பளுதூக்கும் சம்மேளனம் உடலோடு ஒட்டிய முழு உடையை அனுமதித்தது. அதே ஆண்டு அவர் அமெரிக்க தேசியப் போட்டியிலும் பாரிஸ் உலகப் போட்டியிலும் கலந்துகொண்டார்.

தவறு நடந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதாவது நடக்கும். யாராவது சுட்டிக்காட்டினால் காரணம் சொல்லாமல் உடனே மன்னிப்புக் கேளுங்கள். எந்த மொழியிலும் முதலில் கற்க வேண்டிய சொற்கள் மன்னிப்பும் நன்றியும்தான். உங்களைத்தான் யாராவது நிறத்தையோ தாடியையோ ஹிஜாபையோ வைத்து இழிவுபடுத்தினால் கைகலப்பில் இறங்காதீர்கள். நேரத்தையும் நடந்ததையும் குறித்து நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்.

நம் வட்டாரம் எல்லை வட்டாரம். 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. வீட்டில் உருது, கடைத்தெருவில் தமிழ், நகரி பஸ்ஸில் தெலுங்கு என்று ஆளுக்குத் தக்கபடி பேசிப் பழகியவர்கள் நாம். ஆடிக் கிருத்திகைக்கு வரும் கூட்டத்தில் வழி கேட்பவருக்கு அவர் மொழியில் வழி சொல்கிறோம். அதனால் நம் மார்க்கம் குறைந்ததுமில்லை, மரியாதை குறைந்ததுமில்லை. அந்தப் பழக்கத்தையே பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள் என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். கூடவே ஒரு டவலையும் வைக்கச் சொன்னேன்.

போன இடத்தில் உடல் நலத்தையும், நல்ல பெயரையும், ஹலாலான ரிஸ்கையும் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.