ஊர்மிளா பவார்

ஊர்மிளா பவார் (பிறப்பு 1945) மராத்தியில் எழுதிய தலித் பெண்ணிய எழுத்தாளர், பௌத்தர். மகாராட்டிரத்தின் கொங்கண் பகுதியில், ரத்னகிரி மாவட்டத்தில் பிறந்தார். ஆசிரியராக இருந்த தந்தை இவருடைய சிறு வயதிலேயே இறந்துவிட, தாய் மூங்கில் கூடையும் முறமும் முடைந்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். 1956 அக்டோபர் 14 அன்று அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். அவரைத் தொடர்ந்து மதம் மாறிய மகார் சாதிக் குடும்பங்களில் இவருடையதும் ஒன்று.

அரசுப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, மும்பையில் மராத்தி முதுகலை படித்தார். ‘சஹாவ போட்’, ‘சௌத்தி பிந்த்’ ஆகியவை இவருடைய சிறுகதைத் தொகுதிகள். ‘கவச்’ என்ற கதையில் தாய் மாம்பழம் விற்கச் சந்தைக்குப் போகிறாள். அங்கே ஆண்கள் அவளிடம் பேசும் இரட்டை அர்த்தப் பேச்சை நினைத்து மகன் மனம் குமைகிறான். இக்கதை பாடத்தில் சேர்க்கப்பட்டபோது ஆபாசம் என்று எதிர்ப்பு எழுந்தது. உழைக்கும் பெண்ணின் காதில் அன்றாடம் விழும் சொற்களையே பவார் எழுதியிருந்தார்.

இவருடைய பணிகளில் தலையாயது, மீனாட்சி மூனுடன் சேர்ந்து 1989இல் வெளியிட்ட ‘ஆம்ஹீஹி இதிஹாஸ் கடவலா’ (நாங்களும் வரலாறு படைத்தோம்). அம்பேத்கர் இயக்கப் பெண்களை வீடு தேடிச் சென்று இருவரும் பேட்டி கண்டனர். பலர் வயது முதிர்ந்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தனர். தலைவர்களின் பெயர்கள் மட்டுமே பதிவாகியிருந்த ஒரு வரலாற்றில் கூட்டங்களுக்கு நடந்து வந்த, மேடையேறிப் பேசிய, சிறை சென்ற பெண்களின் குரலை இந்நூலே காப்பாற்றியது. தமிழருக்கும் இந்த வரலாற்றில் உறவு உண்டு: 1945இல் பம்பாயில் நடந்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சென்னையின் மீனாம்பாள் சிவராஜ்.

தன்வரலாறான ‘ஆய்தான்’ (மூங்கில் முடைபொருள்) 2003இல் வந்தது. கூடை முடையும் தாயின் கைவேலையையும் தம் எழுத்தையும் வலியே இணைக்கிறது என்கிறார் பவார். பள்ளியில் சாணம் அள்ள மறுத்ததற்காக ஆசிரியர் அறைந்ததும், தாய் அவரை எதிர்த்துக் கேட்டதும் அதில் உள்ளன. சாதியை எதிர்த்த ஆண்களே வீட்டுக்குள் பெண்ணின் படிப்புக்கும் எழுத்துக்கும் தடையாக நின்றதையும், தம் கணவர் உட்பட, மறைக்காமல் எழுதினார். மாயா பண்டிட் இதை 2008இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்; சுஷமா தேஷ்பாண்டே மேடை நாடகமாக்கினார்.

‘ஆய்தா’னுக்கு மகாராட்டிர சாகித்திய பரிஷத் அறிவித்த லட்சுமிபாய் திலகர் விருதை, விழா சரஸ்வதி வணக்கத்துடன் தொடங்குவதை ஏற்காமல் பவார் மறுத்துவிட்டார்.