பிறப்பை வைத்து வரைந்த படம்

எனக்குப் பத்து வயசு இருக்கும். ஆரணியில் எங்கள் தெருவில் ஒரு தறி வீட்டில் ஜரிகை காணாமல் போனது. முதலாளி எடை போட்டுக் கொடுத்த ஜரிகை. குறைந்தால் கூலியில் பிடித்துவிடுவார். "காலையில ஊசி பாசி விக்க வந்தாளே, அவதான்" என்றாள் என் ஆயா. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மறுவாரம் அந்தப் பெண் வந்தபோது தெருவே கூடி அவள் மூட்டையைக் கொட்டிப் பார்த்தது. மணிகள் சாக்கடை வரைக்கும் உருண்டன. ஜரிகையை எடுத்து விற்றது அந்த வீட்டு மூத்த பையன் என்று தீபாவளிக்கு அப்புறம் தெரிந்தது. "வயசுப் பையன், ஏதோ பண்ணிட்டான்" என்று விட்டுவிட்டார்கள்.

முகம் தெரியாத குற்றவாளியை உளவியலாளர்கள் எப்படி ஊகிக்கிறார்கள் என்று படிக்கும்போதெல்லாம் அந்த மணிகள் ஞாபகத்துக்கு வரும்.

நியூயார்க்கில் 1940 முதல் ஒருவன் பொது இடங்களில் குண்டு வைத்துவந்தான். 1956இல் போலீஸ் மனநல மருத்துவர் ஜேம்ஸ் பிரசலிடம் போனது. கான் எடிசன் மின் நிறுவனத்தைத் திட்டி அவன் எழுதிய கடிதங்களைப் பார்த்து, நடுவயதுக்காரன், எல்லோரும் தனக்கு எதிரி என்று நம்புகிறவன், அந்த நிறுவனத்தோடு பழைய பகை உள்ளவன் என்றார் பிரசல். ஆனால் ஆளைக் காட்டியது நிறுவனத்தின் பழைய கோப்பு. ஆலிஸ் கெல்லி என்ற ஊழியர் அதைப் புரட்டியபோது கடிதத்தில் இருந்த சொற்களே அதிலும் இருந்தன. 1957 ஜனவரியில் ஜார்ஜ் மெட்டெஸ்கி கைதானான். முறை இதுதான்: செயலிலிருந்து ஆளுக்குப் போவது, பிறகு சாட்சியத்தோடு சரிபார்ப்பது.

நம்மூரில் இது தலைகீழாக நடந்தது. 1892இல் போலீஸ் அதிகாரி முல்லலி, சென்னை மாகாணத்தின் 'குற்ற வகுப்பினர்' பற்றி ஒரு புத்தகமே போட்டார். எந்தச் சாதி எப்படித் திருடும் என்று அதிகாரிகளுக்குச் சொல்லும் கையேடு. 1871இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் இங்கேயும் வந்தது. குற்றமே நடக்க வேண்டாம். பிறந்தாலே போதும், ரேகை வைக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று, மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுக்க 1952இலும் சட்டம் ஒழிந்தது. சந்தேகம் ஒழியவில்லை. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முல்லலியின் பாடம் மட்டும் மனப்பாடமாக இருந்தது.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். அடுத்த குற்றம் எங்கே நடக்கும் என்று கணிக்கும் நிரல்களுக்குப் பழைய போலீஸ் பதிவேட்டைத்தான் தீனியாகப் போடுகிறார்கள். அதில் இருப்பது யார் திருடினார்கள் என்பதல்ல, யார் வீட்டுக் கதவு தட்டப்பட்டது என்பது. எங்கள் தெருவுக்கு அப்படி ஒரு பதிவேடு இருந்திருந்தால் அந்தப் பெண் அதில் இருந்திருப்பாள். மூத்த பையன் இருந்திருக்க மாட்டான்.

அன்று மணிகளைப் பொறுக்க யாரும் குனியவில்லை. நான் இரண்டு எடுத்தேன். அவளிடம் கொடுக்கவில்லை, டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். அந்தத் தெருவில் அன்று அவளிடமிருந்து திருடியவன் நான்தான். என்னை யாரும் சந்தேகப்படவில்லை.