ஜார்ஜ்டவுன் ப்ரெப்: ஒரே பள்ளி, இரண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகள்

'ப்ரெப்'னா நம்ம ஊரில் மழலையர் வகுப்புதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது கல்லூரிக்குத் தயார்படுத்தும் தனியார் உயர்நிலைப் பள்ளி.

அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 9 பேர். அவர்களில் நீல் கோர்சச், பிரெட் கவனா இருவரும் படித்தது மேரிலாந்தின் ஜார்ஜ்டவுன் ப்ரெப்பில். 2018-ல் ஃபெடரல் ரிசர்வ் தலைவரான ஜெரோம் பவலும் அங்கேதான்.

யார் நடத்துறாங்க? சென்னை லயோலா கல்லூரியை நடத்தும் அதே இயேசு சபை. 1789-ல் தொடக்கம், மாணவர்கள் மட்டும். 1919-ல் தனி வளாகத்துக்கு மாறி, 1927-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்தது.

பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே லட்சியம் என்கிறது பள்ளி. ஆனால் 1838-ஐ மறந்துடாதீங்க: மேரிலாந்து இயேசு சபையினர் தாங்கள் அடிமைகளாக வைத்திருந்த 272 பேரை விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைத்தது. அப்போது பள்ளியும் அதன் அங்கம்தான்.