டெக்ஸ்டரும் புனேயின் நாலு ஓவிய மாணவர்களும்

இப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு கொலைகாரன் இருக்கிறான். டிவிக்குள்ளேதான், பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் ஷோடைம் சேனலில் 2006 அக்டோபரில் தொடங்கி 2013 செப்டம்பர் வரை எட்டு சீசன், 96 எபிசோட் ஓடிய 'டெக்ஸ்டர்' தொடரைத்தான் சொல்கிறேன். அத்தோடு முடிந்தது என்று பார்த்தால் 2021-ல் 'நியூ பிளட்' என்று திரும்பி வந்தான். 2024-ல் அவனுடைய வாலிப காலக் கதை. 2025-ல் 'ரெசரெக்‌ஷன்'. நம்ம ஊர் மெகா சீரியல் மாமியார்கள் கூட இத்தனை தடவை பிழைத்து வந்ததில்லை.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. டெக்ஸ்டர் மார்கன் மயாமி போலீஸில் ரத்தத் தெறிப்புகளை ஆராயும் நிபுணன். பகலில் ஆபீசுக்கு டோனட் வாங்கிப் போகும் சாது. ராத்திரியில் கொலை. ஆனால் அவனுக்கு ஒரு விதி உண்டு. வளர்ப்பு அப்பாவான போலீஸ்காரர் ஹாரி போட்டுக் கொடுத்தது: சட்டத்திடமிருந்து தப்பித்த கொலைகாரனை மட்டுமே கொல்ல வேண்டும், மாட்டிக்கொள்ளக் கூடாது. இந்த விதி டெக்ஸ்டருக்காக எழுதப்பட்டது என்று நினைத்தால் தப்பு. சோபாவில் உட்கார்ந்திருக்கும் நமக்காக எழுதப்பட்டது. 'செத்தவன் கெட்டவன்தானே' என்று நாம் நிம்மதியாக இன்னொரு முறுக்கைக் கடிக்கலாம்.

நாங்கள் குடியிருப்பது கடக்வாஸ்லா பக்கம். புனேக்குத் தென்மேற்கே வெள்ளைக்காரன் காலத்து அணை, அதை ஒட்டி தேசிய பாதுகாப்பு அகாடமி, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அணைக்கரையில் சுட்ட சோளமும் வெங்காய பஜ்ஜியும் தின்ன வரும் கூட்டம். இந்த அணையிலிருந்து இறங்கும் முட்டா ஆறு நகரத்துக்குள் புகுந்து, சங்கம் பாலத்தருகே முளா ஆற்றோடு கலந்து, பண்ட் கார்டன் வழியாகப் போகிறது. 1977 மார்ச்சில் பண்ட் கார்டன் அருகே அந்த ஆற்றில் ஒரு மாணவனின் உடல் மிதந்தது. புனேயில் அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது 'ஜோஷி-அப்யங்கர்' என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு ஒரு நிமிஷம் நின்றுவிடும். பிறகு, அந்தக் குளிர்காலத்தில் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குள் அடைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட கதையைச் சொல்வார்கள்.

டெக்ஸ்டரை ரசிப்பவர்கள் அந்தக் கதையையும் ஒரு தடவை கேட்க வேண்டும் என்பதால்தான் இந்தப் பதிவு.

*

திலக் சாலையில் அபினவ் கலா மஹாவித்யாலயா என்று ஓர் ஓவியக் கல்லூரி. 1970-களின் நடுவில் அங்கே கமர்ஷியல் ஆர்ட் படித்தவர்கள் ராஜேந்திர ஜக்கல், திலீப் சுதார், சாந்தாராம் ஜக்தாப், முனாவர் ஷா. குடி, சின்னத் திருட்டு, பைக் திருட்டு என்று கல்லூரி வட்டாரத்தில் ஏற்கெனவே பெயர் கெட்டவர்கள்.

முதல் பலி அவர்களுடைய வகுப்புத் தோழன் பிரகாஷ் ஹெக்டே. அவன் அப்பா கல்லூரிக்குப் பின்னால் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்தார். ஹெக்டே என்பது தென் கன்னடக் கரையோரப் பெயர். ஊரைவிட்டு வந்து ஹோட்டல் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்த எத்தனையோ குடும்பங்களின் ஞாபகம் வருகிறது, இல்லையா? 1976 ஜனவரி நடுவில் அவனை நைசாகப் பேசி கார்வே சாலையில் இருந்த ஜக்கலின் தகரக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார்கள். 'நான் வீட்டைவிட்டுப் போகிறேன்' என்று அப்பாவுக்கு அவன் கையாலேயே எழுத வைத்தார்கள். கொன்றார்கள். உடலை இரும்புப் பீப்பாயில் அடைத்து சாரஸ் பாக் பக்கத்து ஏரியில் போட்டார்கள். அப்புறம் அப்பாவுக்குப் பணம் கேட்டுக் கடிதம் போனது. பையன் செத்துவிட்டான் என்பதே ஓராண்டுக்கு மேல் யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 31 ராத்திரி விஜயநகர் காலனியில் ஜோஷி வீடு. கணவன், மனைவி, பதின்வயது மகன் மூவரும். நவம்பர் 22-ல் ஷங்கர்சேட் சாலையில் இன்னொரு வீடு. அங்கே வீட்டு அம்மாளும் இரண்டு வேலையாட்களும் திருப்பி அடிக்க, இந்த 'மாவீரர்கள்' முள்வேலி தாண்டி ஓடினார்கள். டிசம்பர் 1-ல் பண்டார்கர் சாலையில் 'ஸ்மிருதி' பங்களா. பூட்டை உடைக்கவில்லை, ஓட்டைப் பிரிக்கவில்லை. அழைப்பு மணியை அடித்தார்கள், கதவு திறந்தது. வயதான தம்பதி, பேரன், பேத்தி, வேலைக்கார அம்மாள், ஐந்து பேர்.

கடைசியாக 1977 மார்ச் 23-ல் அனில் கோகலே. இவனும் ஓவியக் கல்லூரி வட்டாரத்தைச் சேர்ந்த பையன்தான். உடலை இரும்பு ஏணியோடு கட்டிக் கல் வைத்து ஆற்றில் இறக்கினார்கள். மறுநாளே ஆறு அதை மேலே கொண்டு வந்துவிட்டது. ஆக மொத்தம் பத்து உயிர். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பதினான்கு மாதம்.

அது எமர்ஜென்சி காலம் என்பதைக் கவனிக்க வேண்டும். எமர்ஜென்சியை விலக்கியது 1977 மார்ச் 21. கோகலே கொலை அதற்கு இரண்டு நாள் கழித்து. பத்திரிகைக்குத் தணிக்கை, எதிர்க்கட்சிக்காரர்கள் எரவாடா ஜெயிலில், ரயில் நேரத்துக்கு வருகிறது என்று பெருமை. நாட்டையே கட்டிக் காப்பதாகச் சொன்ன அரசாங்கத்தின் மூக்குக்குக் கீழே நாலு மாணவர்கள் ஒரு நகரத்தை நடுங்க வைத்தார்கள்.

*

டெக்ஸ்டர் பார்த்த கண்ணோடு இதைப் படிப்பவர்களுக்கு முதல் ஏமாற்றம், இவர்கள் மாட்டிய விதம். லேப் இல்லை, பிளேடில் ஒட்டிய ரத்தச் சொட்டு இல்லை, மூளைக்கு மூளை மோதல் எதுவும் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைலான் கயிறு, அதில் ஒரே மாதிரி முடிச்சு. அதை போலீஸ் கவனித்தது. 'நேற்று எங்கே இருந்தீர்கள்' என்று தனித்தனியாகக் கேட்டபோது ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு பதில் சொன்னான். மார்ச் முடிவதற்குள் கைது. முதல் கொலையில் கூட இருந்துவிட்டு, பிறகு பயத்தில் ஒதுங்கிய இன்னொரு மாணவன் அப்ரூவர் ஆனான். அவன் சொல்லித்தான் ஏரியிலிருந்து பீப்பாய் வெளியே வந்தது.

இரண்டாவது ஏமாற்றம், விதி. ஹாரியின் விதி மாதிரி எதுவும் இவர்களிடம் இல்லை. பலியானவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. நகைக்காக, பணத்துக்காக, கொஞ்ச நாள் கழித்து சும்மாவே. தெரிந்தவனை முதலில் கொன்றார்கள். காரணம் எளிது: தெரிந்தவன்தான் கூப்பிட்டால் கூட வருவான்.

1978 மே மாதம் புனே செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை தொடங்கி, செப்டம்பர் 28-ல் நால்வருக்கும் தூக்கு. 1979 ஏப்ரலில் பம்பாய் ஹைகோர்ட் உறுதி செய்தது. 1980 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் கைவிரித்தது. 1983 நவம்பர் 27-ல் எரவாடா சிறையில் தூக்கிலிட்டார்கள்.

இடையில் ஒரு தமிழ்நாட்டு வழக்கு குறுக்கே வந்தது. வைத்தீஸ்வரன் என்பவன், கஸ்டம்ஸ் அதிகாரி வேஷம் போட்டு வெளியூரிலிருந்து வந்தவர்களை மடக்கி, தூக்க மாத்திரை கொடுத்து, பணம் பறித்துக் கொன்ற கும்பலின் தலைவன். தூக்குத் தண்டனை விதித்து எட்டு வருஷம் சிறையில் வைத்திருந்தார்கள். 1983 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தால் தூக்கை ஆயுளாக மாற்றக் கேட்கலாம் என்றது. அடுத்த மாதமே இன்னொரு அமர்வு பஞ்சாப் வழக்கொன்றில், 'அப்படி இரண்டு வருஷம் என்று கணக்கு வைக்க முடியாது' என்று சொல்லிவிட்டது. முனாவர் ஷாவும் தாமதத்தைக் காட்டி அந்தக் கதவைத் தட்டினான். திறக்கவில்லை.

*

எரவாடா என்றதும் தமிழர்கள் இன்னொருவனையும் நினைக்க வேண்டியிருக்கிறது. ராமன் ராகவ், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் போனவன். 1960-களில் பம்பாயின் வடக்குப் புறநகர்களில் நடைபாதையிலும் குடிசையிலும் தூங்கியவர்களை அடித்தே கொன்றான். 1968 ஆகஸ்டில் சப்-இன்ஸ்பெக்டர் அலெக்ஸ் ஃபியால்ஹோ அவனை அடையாளம் கண்டு பிடித்தார். குற்றப்பிரிவுத் தலைவர் ரமாகாந்த் குல்கர்னி விசாரித்தபோது நாற்பத்தோரு கொலை என்று ஒப்புக்கொண்டான். தூக்கு விதித்தார்கள். அவன் மேல்முறையீடு கூடச் செய்யவில்லை. மனநல மருத்துவர்கள் பரிசோதித்து, தீராத மனநோயாளி என்று சொன்ன பிறகு ஹைகோர்ட் அதை ஆயுள் தண்டனையாக மாற்றியது. எரவாடாவில் சிறை, 1995 ஏப்ரல் 7-ல் புனே சசூன் ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் செயலிழந்து சாவு.

அதே மாதம் 27-ம் தேதி சேலம் மத்திய சிறையில் ஆட்டோ சங்கரைத் தூக்கிலிட்டார்கள். இருபது நாள் இடைவெளி. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை வெளியிட 'நக்கீரன்' முயன்று, அதிகாரிகள் தடுத்து, விஷயம் டெல்லி வரை போனது. 1994 அக்டோபரில் வந்த ராஜகோபால் வழக்குத் தீர்ப்பு பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் அந்தரங்க உரிமைக்கும் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுவது. முனாவர் ஷாவும் சிறையிலிருந்து தன் கதையை எழுதினான்.

பாருங்கள், கொலைகாரனுக்குக் குரல் கிடைத்துவிடுகிறது. சினிமாவும் கிடைத்துவிடுகிறது. புனே வழக்கில் தீர்ப்பு வந்த அதே 1978-ல் நாம் கமல்ஹாசனை 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் கொலைகார நாயகனாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1980-ல் 'மூடுபனி'. ஆட்டோ சங்கருக்கு 1990-ல் 'புலன் விசாரணை', 2019-ல் வெப் சீரிஸ். புனே வழக்கை வைத்து மராத்தியில் நானா படேகர் நடித்த 'மாஃபீசா சாக்ஷிதார்'. தலைப்புக்கு நம் பாஷையில் அப்ரூவர் என்று அர்த்தம். அனுராக் காஷ்யப்பின் 'பாஞ்ச்' இந்த வழக்கின் சாயலில் எடுக்கப்பட்டு, சென்சாரில் மாட்டித் தியேட்டருக்கு வராமலே போனது. அவரேதான் 2016-ல் 'ராமன் ராகவ் 2.0' எடுத்தார்.

செத்தவர்கள்? ராமன் ராகவ் கொன்றவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பிளாட்பாரத்தில் தூங்கியவர்களுக்கு எண்ணிக்கைதான் மிச்சம். புனே வழக்குக்குப் பெயரே பங்களாவையும் காலனி வீட்டையும் வைத்துத்தான்: ஜோஷி-அப்யங்கர். முதலில் செத்த ஹெக்டே அதில் இல்லை. கடைசியில் செத்த கோகலே இல்லை. 'ஸ்மிருதி' வீட்டில் வேலை செய்து அந்த வீட்டாரோடு சேர்ந்தே செத்த சக்குபாய் வாக் இல்லவே இல்லை.

பெயரில் இருக்கும் அப்யங்கரையாவது நமக்குத் தெரியுமா? அவர் மஹாமஹோபாத்யாய காசிநாத் வாசுதேவ் அப்யங்கர். எண்பது வயதைத் தாண்டிய சமஸ்கிருத இலக்கண மேதை. அவர் அப்பா வாசுதேவ சாஸ்திரி, பதஞ்சலியின் மஹாபாஷ்யத்தை மராத்தியில் மொழிபெயர்த்தவர். மகன் 1961-ல் பரோடாவிலிருந்து ஒரு சமஸ்கிருத இலக்கணக் கலைச்சொல் அகராதி கொண்டுவந்தார். பாணினியைப் படிக்க உட்காருகிறவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் ஒரு தடவையாவது அதைப் புரட்டியாக வேண்டும். நம்ம ஊரில் தொல்காப்பிய உரைகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்த உழைப்பு என்னவென்று தெரியும். அதன் திருத்திய இரண்டாம் பதிப்பு 1977-ல் வந்தது, அவர் போன அடுத்த வருஷம்.

*

டெக்ஸ்டரைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மைக்கேல் சி. ஹால் நடிப்புக்காகவே பார்க்கலாம். ஆனால் கூட உட்கார்ந்து பார்க்கும் வயது வந்த பிள்ளைகளிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, விதி வைத்துக்கொண்டு கொல்கிறவன் டிவியில் மட்டுமே இருக்கிறான். புனேயில் வந்தவர்கள் அழைப்பு மணி அடித்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில், வெளியூரில். வயதான அம்மா அப்பா ஊரில் தனியாக. நம்மில் பாதிப் பேரின் நிலைமை இதுதான். கதவுக்கு ஒரு சங்கிலி, முகம் பார்க்க ஒரு கண்ணாடித் துளை, ராத்திரி ஒரு போன், பக்கத்து வீட்டு நம்பர் கையில். இவ்வளவாவது செய்து வைக்கலாம்.

இரண்டு, அந்த எபிசோடில் செத்தவன் பெயர் என்ன என்று பிள்ளைகளைக் கேளுங்கள். முக்கால்வாசி நேரம் தெரியாது, நமக்கும் தெரியாது. அப்போது சக்குபாய் வாக் கதையைச் சொல்லுங்கள். பெரிய கதை இல்லை: புனேயில் ஒரு வீட்டில் வேலை செய்தார், 1976 டிசம்பர் 1 ராத்திரி அந்த வீட்டில் இருந்தார்.

பி.கு: 'பாஞ்ச்', 'ராமன் ராகவ் 2.0' இரண்டும் சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிற படம் இல்லை. கடக்வாஸ்லா பக்கம் வருகிறவர்கள் அணைக்கரை சோளத்தை மட்டும் தவற விடாதீர்கள்.