பேரூர்த் தூணும் சாம்பள்ளிக் கரையும்: திருமலை நாயக்கர் ஆட்சியில் கொங்கு எல்லை (1623–1659)

பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் கனகசபைக்குள் நுழைபவர் கண்ணில் முதலில் படுவன தூண்களை விட்டு வெளியே பாய்வது போல நிற்கும் பெருஞ்சிற்பங்கள். ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி, யானையை உரித்த பெருமான், வீரபத்திரர் என ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்க்கவே நேரம் போய்விடும். அதே மண்டபத் தூண் ஒன்றின் அடியில் துப்பாக்கிக்கு மருந்து கெட்டிக்கும் சிப்பாய் ஒருவனும் இருக்கிறான். இந்தியக் கட்டடக் கலை வரலாற்றை எழுதி 1876-இல் வெளியிட்ட ஜேம்ஸ் பெர்குசன், மண்டபத்தின் காலத்தை இந்தச் சிப்பாயைக் கொண்டே கணித்தார். உடையும் துப்பாக்கியின் வடிவமும் அவுரங்கசீப், மராத்தியர் போர்க்காலத்து ஓவியங்களில் உள்ளவற்றை ஒத்திருக்கின்றன, ஆகவே இது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்பது அவர் முடிவு. தூணோடு ஒட்டிய துணைக்கால்களின் அமைப்பு மதுரையில் திருமலை நாயக்கர் கட்டியவற்றை நினைவூட்டுகிறது என்பதையும் அவரே கண்டு சொன்னார்.

கோயில் தல வரலாறோ, கனகசபையைக் கட்டுவித்தவர் திருமலை நாயக்கரின் தம்பி அளகாத்திரி நாயக்கர் என்கிறது. அப்படியானால் காலம் 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதி. பெர்குசனின் கணிப்பைவிட இதுவே பொருந்துகிறது என்று நான் கருதுகிறேன். துப்பாக்கியைக் காட்டி மண்டபத்தை அவுரங்கசீப் காலத்துக்குத் தள்ள வேண்டியதில்லை. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே முத்துக்குளித்துறையில் காலூன்றிவிட்டனர். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதியோடு நடத்திய போரில் திருமலை நாயக்கரே அவர்கள் உதவியை நாடினார். அத்தகைய ஆட்சியில் கொங்கு நாட்டுச் சிற்பி ஒருவன் துப்பாக்கி ஏந்திய வீரனைப் பார்த்திருப்பதில் வியப்பில்லை. தூணின் அமைப்பைப் பற்றிப் பெர்குசன் சொன்னது ஆயுதத்தைப் பற்றிச் சொன்னதைவிட வலுவானது.

காலக்கணக்கு ஒருபுறம் இருக்க, அந்தச் சிப்பாய் வேறொரு கேள்வியையும் எழுப்புகிறான். மதுரையிலிருந்து பார்த்தால் திருமலை நாயக்கரின் ஆட்சி அரண்மனை, புது மண்டபம், தெப்பக்குளம், சித்திரைத் திருவிழா எனப் பொலிவாகத் தெரிகிறது. கொங்கு நாட்டிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? கொங்கை மதுரை இழந்தது அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கரின் காலத்தில், 1667-ஆம் ஆண்டு ஈரோட்டுப் போரில் என்று சொல்வது வழக்கம். அந்த இழப்பு 1641-இலேயே, திருமலை நாயக்கரின் புகழ் உச்சியில் இருந்தபோதே, காவிரிக் கரையில் தொடங்கிவிட்டது என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முத்துவீரப்ப நாயக்கருக்குப் பின் 1623-இல் தம்பி திருமலை பட்டமேற்றபோது ஆட்சி திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்தது. தலைநகரை மதுரைக்கு மாற்றியது பிறகுதான். அதே 1623-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரையை விட்டுக் கிளம்பி, மதுரைக்குக் கட்டுப்பட்ட இராமச்சந்திர நாயக்கரின் சேந்தமங்கலத்துக்கு வந்து, அங்கிருந்து சேலம் போனார். சேலத்தை அடுத்த மோரமங்கலம் பின்னர் இயேசு சபையினரின் நிலையங்களுள் ஒன்றாயிற்று. சத்தியமங்கலத்திலும் அவர்கள் இருந்தார்கள். இவர்கள் ரோமுக்கு எழுதிய ஆண்டுக் கடிதங்கள் இல்லையென்றால் கொங்கு நாட்டின் அந்த முப்பது, நாற்பது ஆண்டுகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது பாதியாகக் குறைந்திருக்கும்.

ஐரோப்பாவிலும் 1623 ஒரு குறிப்பான ஆண்டு. பவேரியாவின் கோமகன் முதலாம் மாக்சிமிலியன், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுடைய சிற்றரசர் வரிசைக்கு அந்த ஆண்டுதான் உயர்த்தப்பட்டார். இங்கோல்ஸ்டாட்டில் இயேசு சபையினரிடம் படித்தவர். மியூனிக் அரண்மனையை விரித்துக் கட்டியவர். முப்பது ஆண்டுப் போரின் நடுவில், 1632-இல், தம் தலைநகரை ஸ்வீடன் படையிடம் இழந்து மீண்டவர். பெயரளவில் பேரரசருக்குக் கீழ்ப்பட்டும் நடப்பில் தம் நாட்டைத் தாமே ஆண்டும் வந்த இவருக்கும், விசயநகர அரசருக்குத் திறை செலுத்தக் கடமைப்பட்டிருந்தும் தனியரசராகவே நடந்துகொண்ட திருமலை நாயக்கருக்கும் உள்ள ஒப்புமை தற்செயலானது என்று தள்ளிவிடலாம். ஆனால் மேலே பேரரசு தளரும்போது கீழே சிற்றரசர் கட்டடமும் விழாவுமாகத் தம் அரசுரிமையை ஊரறிய நிலைநாட்டுவதையும், எல்லையோரத்து ஊர்கள் அதற்கு விலை கொடுப்பதையும் இரண்டு நிலங்களிலும் காண்கிறோம். மாக்சிமிலியனுக்கு 1648-இல் வெஸ்ட்பாலிய உடன்படிக்கை கிடைத்தது. போரில் பெற்ற பதவி எழுத்தில் உறுதியாயிற்று. கொங்கு எல்லையை அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த எல்லையை மலைகளும் ஆறுகளும்தான் வரைந்தன. மைசூரிலிருந்து கீழே இறங்க இரண்டு வழிகள் முக்கியமானவை. ஒன்று கஜ்ஜல்ஹட்டிக் கணவாய் வழியாக மோயாற்றை ஒட்டி இறங்கி, டணாய்க்கன்கோட்டையைக் கடந்து பவானிக் கரையில் சத்தியமங்கலத்தை அடைவது. மற்றொன்று காவிரியின் மேற்குக் கரையில் காவேரிபுரத்தில் வந்து முடிவது. முதல் வழியில் வருபவனுக்குக் கோயமுத்தூர், அவிநாசிச் சமவெளி திறந்து கிடக்கும். இரண்டாவதில் வருபவனுக்குப் பவானி, ஈரோடு, சேலம். மேற்கே பாலக்காட்டு இடைவெளி வணிகர் வழி. படை பெரும்பாலும் வடக்கிலிருந்தே வந்தது.

இந்த வாசல்களைக் காக்க நாயக்கர்கள் நம்பியது பாளையக்காரர்களை. விசுவநாத நாயக்கர் காலத்தில் அரியநாத முதலியார் வகுத்ததாகச் சொல்லப்படும் 72 பாளையங்களில் கொங்குப் பகுதியிலும் பல இருந்தன. பாளையக்காரர் நிலத்தை அனுபவித்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாகத் திறை கட்ட வேண்டும், ஓலை வந்தால் ஆள் திரட்டிக்கொண்டு போக வேண்டும். அமைதிக் காலத்துக்கு இது செலவு குறைந்த ஏற்பாடு. எதிரி விரைந்து வந்தால் ஓலை போய்ச் சேர்ந்து ஆள் திரள்வதற்குள் பாதி நாடு எரிந்துவிடும்.

வடகொங்கில் இந்தக் காவலின் அச்சாணி தாரமங்கலம் கெட்டி முதலிகள். அமரகுந்தியில் இருந்து ஆண்ட இவர்கள் கையில் ஓமலூர், ஆத்தூர் போன்ற கோட்டைகள் இருந்தன. காவேரிபுரம், சாம்பள்ளிப் பக்கத்துக் காவிரிக் கரையும் இவர்கள் பொறுப்பு. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலை மும்முடி, சீயாழி, வணங்காமுடி என மூன்று தலைமுறை கெட்டி முதலிகள் கட்டி முடித்ததாக மரபு. மேற்கு நோக்கிய அக்கோயிலில் இராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான்; வாலி தூணிலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். தச்சரும் சிற்பிகளும் பழங்காலத்தில் ஒப்பந்தம் எழுதும்போது, தம்மால் மீண்டும் செய்து தர இயலாதவை என்று விலக்கி வைத்த வேலைகளுள் தாரமங்கலம் தூணும் ஒன்று என்பார்கள். மதுரையின் கீழிருந்த ஒரு பாளையத் தலைவர் இவ்வளவு செய்தார் என்றால், அந்த எல்லை அரசின் பொருள்வளம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். மதுரைக்கும் மைசூருக்கும் இடையே மாட்டிக்கொண்டவரும் அவர்தான்.

ஆட்சியின் தொடக்கத்தில் எல்லை நின்றது. சாமராச உடையாரின் மைசூர்ப் படை திண்டுக்கல் வரை வந்தபோது தளவாய் இராமப்பையனும் கன்னிவாடிப் பாளையக்காரரும் அதை முறியடித்து, மைசூர் மண்ணுக்குள்ளேயே துரத்திச் சென்றார்கள். அந்த வெற்றி தந்த அமைதியில்தான் பேரூர்க் கனகசபை எழ முடிந்திருக்கும் என்பது என் ஊகம். நொய்யல் கரையில், மேலைச் சிதம்பரம் என்று பெயர்பெற்ற தலத்தில், அரசரின் தம்பி கனகசபை அமைப்பது வெறும் பக்தி அல்ல. தில்லையில் உள்ளது இங்கும் இருக்கிறது, மதுரையின் கை இதுவரை நீள்கிறது என்று எல்லையில் நின்று சொல்வது. மதுரைப் புது மண்டபத்தின் சிற்ப மொழியே பேரூரிலும் பேசப்படுவதை இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

பிறகு இராமப்பையன் திருவிதாங்கூரிலும் இராமநாதபுரத்திலும் போர்களில் இறங்கினார். சேதுபதி சடைக்கத் தேவரோடு நடந்த இராமநாதபுரப் போர் 1630-களின் இறுதிவரை நீண்டது. மதுரையின் கண் தெற்கேயும் கிழக்கேயும் இருந்தது. வடக்கே 1638-இல் மைசூர் அரியணையில் அமர்ந்தவர் இரணதீர கண்டீரவ நரசராச உடையார். மைசூர் வரலாற்றில் சொந்தத் தங்க நாணயத்தால் நினைக்கப்படுபவர் இவர். கண்டீரவப் பணம் பின்னாளில் கொங்கிலும் செல்லுபடியானது. பட்டமேற்ற மூன்றாம் ஆண்டிலேயே, 1641-இல், கெட்டி முதலியிடமிருந்து சாம்பள்ளியையும் அதைச் சூழ்ந்த காவிரிக் கரை ஊர்களையும் அவர் பறித்தார்.

வண்டியூரில் தெப்பக்குளம் வெட்டப்பட்டது 1645-ஐ ஒட்டி. அதாவது காவிரிக் கரை வாசல் கைமாறிச் சில ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த நேரத்தில் திருமலை நாயக்கர் வேறொரு சூதாட்டத்தில் இருந்தார். விசயநகரத்தின் கடைசி அரசர் மூன்றாம் சீரங்கர் நாயக்கர்களை மீண்டும் அடக்க முனைந்தபோது, அவருக்கு எதிராகக் கோல்கொண்டா, பிஜப்பூர் சுல்தான்களின் துணையை மதுரை நாடிற்று. பேரரசர் வீழ்ந்தார், அழைத்து வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. வேலூரும் செஞ்சியும் விழுந்தன, மதுரையே திறை கட்ட நேர்ந்தது. வடக்கில் மைசூருக்கும் மதுரைக்கும் பொதுவான தலைவன் என்று ஒருவர் இருந்த காலம் அத்தோடு முடிந்தது. 1650-களின் முற்பகுதியில் பென்னாகரம், தருமபுரி ஆகியவற்றையும் மைசூர் பிஜப்பூர்ச் சார்பினரிடமிருந்து கைப்பற்றியது. கெட்டி முதலியை இப்போது வடக்கும் மேற்கும் சூழ்ந்துவிட்டன. இந்த முடிவுக்காகத் திருமலை நாயக்கரை நான் குறை சொல்லாமல் விட முடியவில்லை. தில்லியும் தக்காணமும் தெற்கே இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், இருந்த ஒரே மறைப்புச் சுவரை அவர் தம் கையாலேயே இடித்தார்.

பலன் 1656-ஐ ஒட்டி வந்தது. மைசூர்ப் படை சத்தியமங்கலத்தில் புகுந்தது. அகப்பட்டவர்களைக் கொல்லாமல் மூக்கை மேலுதட்டோடு சேர்த்து அறுத்துச் சாக்கில் கட்டி அனுப்பும்படி அதற்கு ஆணை இருந்தது. ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. இதை நமக்குச் சொல்பவர் அந்தோ தெ புரோயென்சா பாதிரியார். 1659-இல் எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். 1679-இல் அம்பழக்காட்டில் அச்சேறிய தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியைத் தொகுத்தவரும் இவரே. வரலாற்று நூல்கள் இதை ‘மூக்கறுப்புப் போர்’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்தப் பெயர் கேட்பவருக்கு வேடிக்கையாகக் கூடத் தோன்றலாம். சத்தியமங்கலத்துத் தெருக்களில் அது வேடிக்கையாக இருந்திருக்காது. அரசர்கள் ஒருவரையொருவர் அவமதிக்க உழவர் வீட்டுப் பெண்களின் முகம் அறுக்கப்பட்டது என்பதே அதன் முழுப்பொருள்.

அங்கிருந்து அந்தப் படை பெரிய எதிர்ப்பின்றி மதுரை வரை வந்துவிட்டது. நோயுற்றுக் கிடந்த திருமலை நாயக்கர் உதவி கேட்டது இராமநாதபுரத்தில். எந்தச் சேதுபதிகளோடு முன்பு போரிட்டாரோ, அந்த மரபின் இரகுநாதத் தேவரிடம். அவர் 25,000 பேரைத் திரட்டி விரைந்து வந்தார் என்பர். ‘திருமலை சேதுபதி’ என்ற பட்டமும், அரசியின் வேண்டுகோளைக் காத்தமைக்காக ‘இராணி சொல் காத்தார்’ என்ற பெயரும், திறை விலக்கும் பெற்றார். வடமேற்கு எல்லையிலிருந்து வந்த ஆபத்தைத் தடுத்தது தென்கிழக்குக் கடற்கரை. கொங்குப் பாளையங்கள் காக்க வேண்டிய வழி கைவிட்டுப் போயிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பின்னர் நாயக்கரின் தம்பி குமாரமுத்து படை நடத்தி மைசூருக்குள் புகுந்து பழிக்குப் பழி வாங்கினார். மைசூர் அரசரே மூக்கை இழந்தார் என்றும் ஒரு செய்தி உண்டு. தோற்றவரின் தலைவனுக்கே தண்டனை கிடைத்தது என்று கேட்க வென்ற பக்கம் விரும்பும். ஆகவே அதை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். திருமலை நாயக்கர் 1659 பிப்ரவரியில் இறந்தார். கண்டீரவர் அதே ஆண்டு சூலையில்.

குமாரமுத்துவின் வெற்றி எல்லையை ஓர் அடியும் நகர்த்தவில்லை. சாம்பள்ளி திரும்பவில்லை. 1667-இல் சொக்கநாதர் பிஜப்பூர்ப் படைத்தலைவர்களையும் கெட்டி முதலியையும் சேர்த்துக்கொண்டு ஈரோட்டில் தொட்ட தேவராச உடையாரை எதிர்த்தபோது, அவர் கையில் மிஞ்சியிருந்தது கணவாய்கள் இல்லாத ஒரு நாடு. தோல்வியைத் தொடர்ந்து ஈரோடு, தாராபுரம், ஓமலூர் போயின. 1673-இல் பட்டமேற்ற சிக்கதேவராசர் மிச்சத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். அதன்பின் 1799 வரை கொங்கு பெரும்பாலும் சீரங்கப்பட்டணத்தையே நோக்கியிருந்தது. கெட்டி முதலிகள் தாரமங்கலத்துக் கல்லில் மட்டும் நின்றார்கள்.

இந்த எல்லையின் வாசல்கள் இரண்டையும் இன்று தண்ணீர் மூடியிருக்கிறது. காவேரிபுரத்தை ஒட்டிய பழைய ஊர்கள் பல 1934-இல் முடிந்த மேட்டூர் அணையின் நீர்ப்பரப்புக்குள் போயின. டணாய்க்கன்கோட்டை 1955-இல் முடிந்த பவானிசாகருக்குள் கிடக்கிறது. கோடையில் அணை வற்றும்போது அங்குள்ள மாதவராயப் பெருமாள் கோயில் மட்டும் தலைகாட்டும். அப்படி வற்றும் ஆண்டுகளில் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு அணைகளுக்குள்ளும் இறங்கி, கரையோரச் சுவர்களையும் சிதறிய கற்களையும் படியெடுக்க வேண்டும். மதுரையின் கதையைச் சொல்லும் கற்கள் பத்திரமாக நிற்கின்றன. கொங்கு எல்லையின் கதையைச் சொல்லக்கூடிய கற்கள் சில வாரங்களுக்குத்தான் வெளியே வரும், பிறகு மழை வந்துவிடும்.