அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் ஆவணங்கள் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து இறங்கும்போது, தம் பதவிக்கால ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா? ஏறத்தாழ 200 ஆண்டுகள் இதற்கு 'ஆம்' என்பதே விடையாக இருந்தது. அந்த விடை மாறிய வரலாறே இக்கட்டுரை.

பழைய வழக்கம்

முதல் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் தம் கோப்புகளை மவுண்ட் வெர்னன் இல்லத்துக்குக் கொண்டு சென்றார். பின்வந்தோரும் அவ்வாறே செய்தனர். இதனால் பல ஆவணங்கள் அழிந்தன. 1923இல் வாரன் ஹார்டிங் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். அவருடைய தாள்களில் பலவற்றை அவர் மனைவி எரித்துவிட்டார். அதைத் தடுக்கச் சட்டம் ஏதும் இல்லை.

நிக்சன் காலச் சிக்கல்

வாட்டர்கேட் ஊழலால் ரிச்சர்ட் நிக்சன் 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். அவர் விட்டுச் சென்றவை சுமார் 4 கோடியே 20 லட்சம் பக்கங்களும் 880 ஒலிநாடாக்களும் ஆகும். அடுத்த மாதமே அரசு அதிகாரி ஒருவருடன் அவர் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். அதன்படி, அவர் இறந்தாலோ 1984 செப்டம்பர் வந்தாலோ, எது முந்தியதோ அப்போது, நாடாக்கள் அழிக்கப்பட வேண்டும். குற்றத்திற்கான சான்றே அழிந்துவிடும் என்று அஞ்சிய நாடாளுமன்றம், அவற்றை அரசின் பொறுப்பில் வைக்கும் சட்டத்தை இயற்றியது. தலைவர் ஃபோர்டு 1974 டிசம்பர் 19 அன்று அதில் கையெழுத்திட்டார். மறுநாளே நிக்சன் வழக்குத் தொடுத்தார். 1977இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் சட்டம் செல்லும் என்றது. ஆயினும் அவை அவருடைய உடைமையே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் கருதியதால், 2000ஆம் ஆண்டில் அவர் வாரிசுகளுக்கு அரசு 1 கோடியே 80 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

1978ஆம் ஆண்டுச் சட்டம்

நிக்சனுக்கு மட்டும் பொருந்திய விதி போதாது என்று உணர்ந்து, பொதுவான சட்டம் ஒன்று 1978இல் இயற்றப்பட்டது. 1981 ஜனவரி 20 முதல் உருவாகும் தலைவர் பணி சார்ந்த ஆவணங்கள் அனைத்தும் நாட்டின் உடைமை என்றது அச்சட்டம். பதவிக்காலம் முடிந்ததும் அவை தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்புக்கு வரும். நாட்குறிப்பு போன்ற சொந்தத் தாள்கள் மட்டும் விலக்கு. ஆனால் விதியை மீறும் தலைவருக்குக் குற்றத் தண்டனை எதையும் இச்சட்டம் கூறவில்லை.

டிரம்ப் வழக்கு

இந்த இடைவெளி 2022இல் வெளிப்பட்டது. டொனால்ட் டிரம்ப்பின் மார்-அ-லாகோ இல்லத்திலிருந்து ஜனவரியில் 15 பெட்டிகள் மீட்கப்பட்டன. ஆகஸ்ட் 8 அன்று நடந்த சோதனையில் இரகசியக் குறியிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஆவணங்கள் கிடைத்தன. 1978 சட்டத்தில் தண்டனை இல்லாததால், 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டம் முதலியவற்றின் கீழ் 2023இல் குற்றம் சாட்டப்பட்டது. டிரம்ப் குற்றத்தை மறுத்தார். 1978 சட்டப்படி அவை தம் சொந்த ஆவணங்களே என்று அவர் தரப்பு வாதிட்டது.

2024 ஜூலை 15 அன்று நீதிபதி ஐலீன் கேனன் வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஆவணங்கள் யாருடையவை என்பது அதற்குக் காரணமன்று. சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித்தின் நியமனம் முறையற்றது என்பதே காரணம். டிரம்ப் மீண்டும் வென்றபின், அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடும் கைவிடப்பட்டது.

இங்கு இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆவணம் யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. இதற்கு 1978 சட்டம் விடை தந்தது. திருப்பித் தராத முன்னாள் தலைவரைத் தண்டிக்க முடியுமா என்பது மற்றொன்று. அதை முழு விசாரணையில் ஆராயும் வாய்ப்பு இவ்வழக்கில் கிட்டவில்லை.