கூப்பு ரோடும் கியர் சைக்கிளும்

சென்னையில் வேலை பார்க்கிற தங்கச்சி மகன் போன மாசம் ஒரு கியர் சைக்கிளோடு வந்து இறங்கினான். விலையைக் கேட்டேன். ரெண்டு கறவை மாடு வாங்கலாம். "மாமா, முண்டந்துறைக் காட்டுக்குள்ள பழைய பாதை நிறைய கிடக்காமே, சைக்கிள் ஓட்ட விடுவாங்களா?"ன்னு கேட்டான். நினைச்ச மாதிரியெல்லாம் விடமாட்டாங்கன்னு சொல்லிட்டேன். ஆனா அந்தப் பாதையை எல்லாம் யார் போட்டது, எதுக்குப் போட்டதுங்கிறது அப்படி ஒரு வரியில் முடிகிற கதை இல்லை.

தூத்துக்குடி மாவட்டத்து விவசாயிக்கு மலைக்காட்டுக் கதை எதுக்குன்னு நகரத்து நண்பர்கள் கேட்கலாம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். நாங்கள் அதுக்கும் கீழே. பொதிகையில் என்ன நடந்தாலும் கடைசியில் எங்க வாய்க்காலுக்குத்தான் வந்து சேரும், தண்ணியானாலும் சரி, மண்ணானாலும் சரி. கொற்கையைப் பாருங்க. பாண்டியர் காலத்தில் முத்து ஏற்றுமதியான துறைமுகம். இன்னைக்குக் கடல் அங்கேயிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டு. ஆறு கொண்டு வந்து கொட்டின வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துப்போட்டது. அப்புறம் பழையகாயல், புன்னைக்காயல்னு நகர்ந்து நகர்ந்து கடைசியில் தூத்துக்குடி. மேலே மலையில் மண் நகர்ந்தா கீழே கடற்கரையே நகரும்.

அந்த மலையில் முதல் பாதை காணிக்காரர்களுடையது. தேனுக்கும் கிழங்குக்கும் போன ஒத்தையடித் தடம். அடுத்தது சாமி கும்பிடப் போகிறவர்களின் பாதை. காரையாறு பக்கம் இருக்கிற சொரிமுத்து அய்யனாருக்கு ஆடி அமாவாசைக்கு நம்ம கடற்கரை ஊர்களிலிருந்தும் தேரிக்காட்டு ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். என் தாத்தா காலத்தில் வண்டி கட்டி பாபநாசம் வரைக்கும் போய், அங்கேயிருந்து மூட்டையைத் தலையில் வைத்து நடந்திருக்கிறார்கள். அந்தக் கோயிலில் பட்டவராயனுக்குக் காணிக்கை தோல்செருப்பு. இந்த வருஷம் கட்டிவிட்ட செருப்பு அடுத்த வருஷம் போய்ப் பார்த்தா தேஞ்சிருக்கும்னு சொல்வார்கள். ராத்திரி பட்டவராயன் அதைப் போட்டுக்கிட்டுக் காட்டைச் சுற்றி வருகிறானாம். காட்டில் ஒருத்தன் நடந்தா செருப்பு எவ்வளவு தேயணுமோ அவ்வளவுதான் தேயும். அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும்.

மூன்றாவது பாதைதான் பெரிசு. 1856ல் சென்னை மாகாணத்துக்கு வனத்துறை வந்தது, 1882ல் வனச் சட்டம் வந்தது. அதுவரைக்கும் விறகு, தழையுரம், மேய்ச்சல்னு சனங்க போய்வந்த காடுகள் 'ரிசர்வ்' காடுகளாயின. தடத்தில் நடந்தவன் அத்துமீறுகிறவன் ஆனான். காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, முறை வைத்து வெட்டி இறக்கினார்கள். அந்தக் கட்டத்துக்கு வெள்ளைக்காரன் சொன்ன பேர்தான் நம்ம வாயில் 'கூப்பு' ஆச்சு. மரம் இறக்க மாட்டுவண்டியும் பிறகு லாரியும் போக வெட்டின வழி கூப்பு ரோடு. மேற்குத் தொடர்ச்சி மலையில் எந்தக் காட்டுக்குப் போனாலும் இந்தச் சொல் காதில் விழும்.

இந்த மலையில் இன்னொரு கணக்கும் உண்டு. திருவிதாங்கூர் மன்னருக்குப் போரில் உதவியதற்காகச் சிங்கம்பட்டி ஜமீனுக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் காடு சுமார் 74,000 ஏக்கர். அதில் 8,373 ஏக்கரை 1929ல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டார் ஜமீன்தார். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் அப்படி வந்த தோட்டங்கள். 1952ல் ஜமீன் ஒழிந்தது, குத்தகை ஒழியவில்லை. பாபநாசம் பக்கம் ஹார்வி கம்பெனி ஆற்றுத் தண்ணியை நம்பி நூல் மில் வைத்தது. அதே கம்பெனிதான் தூத்துக்குடியில் கோரல் மில்லும் நடத்தியது, 1908ல் வ.உ.சி. வேலைநிறுத்தம் நடத்திக் காட்டினாரே, அந்த மில். 1944ல் பாபநாசம் மின்நிலையம் ஓட ஆரம்பித்தது, அணைக்கும் ரோடு வந்தது. மரம், தேயிலை, நூல், கரண்ட். காணியும் சாமிகும்பிடுகிறவனும் போட்ட தடத்தைத் தவிர்த்தா, அந்த மலையில் இருக்கிற அத்தனை ரோடும் எதையோ கீழே இறக்குவதற்காகப் போட்டதுதான்.

சைக்கிள் காட்டுக்குள் வந்த கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1970களில் அமெரிக்காவில் கலிபோர்னியா பக்கம் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, காட்டுத்தீ அணைக்க வெட்டின ரோட்டில் உருட்டிவிட்டார்கள். 1976ல் பந்தயமே வைத்தார்கள். பத்து வருஷத்துக்குள் நடக்கிறவர்களோடும் குதிரைக்காரர்களோடும் சண்டை வந்துவிட்டது. 1984ல் அந்த நாட்டு வனத்துறை, சட்டப்படி காப்பாற்றப்பட்ட வனாந்தரப் பகுதிகளில் சைக்கிள் கூடாது என்று சொல்லிவிட்டது. மற்ற காடுகளில் ஓட்டலாம்.

நடக்கிற காலைவிட சைக்கிள் டயர் மண்ணை ரொம்ப அரிக்கும்னு பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஈரத்தில் பிரேக் பிடித்து இழுத்தா அந்தக் கோடு ஓடையாகும், அது உண்மை. எனக்கு அதைவிடப் பெரிசாகத் தெரிவது வேறு. சைக்கிள் சத்தமில்லாமல் வேகமாக வரும். வளைவில் யானையோ கரடியோ நின்றால் ரெண்டு பேருக்கும் யோசிக்க நேரமிருக்காது. நடந்து போகிற கூட்டம் பேசிக்கிட்டே போகும், மிருகம் விலகிக்கொள்ளும். ஒரு நாளில் நடப்பவன் தொடும் தூரத்தைப் போல சில மடங்கு சைக்கிள்காரன் தொடுவான். அத்தனை தூரத்துக்கும் மிருகம் ஒதுங்கணும்.

முண்டந்துறை 1962ல் சரணாலயம் ஆச்சு, களக்காடு 1976ல். 1988ல் ரெண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 1972 வனவிலங்குச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே குற்றம், டயர் வைக்கிறது அப்புறம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பணம் கட்டி, வழிகாட்டியோடு நடக்கலாம். உள்ளூர்ப் பழங்குடி ஆட்களுக்கு அதில் வேலை கிடைக்குது, அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

உறுத்துவது ஒண்ணுதான். அதே 2024ல்தான் மாஞ்சோலைத் தொழிலாளர்களைக் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து இறக்கியது. நாலு தலைமுறையாக அங்கேயே பிறந்து, 1999ல் கூலி உயர்வு கேட்டு நெல்லையில் ஊர்வலம் போனப்ப போலீஸ் தடியடியில் தாமிரபரணியில் 17 உயிரைக் கொடுத்த சனங்க. நீதிமன்றம் போனார்கள், அந்த வருஷம் டிசம்பரில் மனுக்கள் தள்ளுபடி ஆயின. சொரிமுத்து அய்யனார் கோயிலில் முன்பு வாரக்கணக்கில் குடில் போட்டுத் தங்கின எங்க ஆட்களுக்கு இப்ப எண்ணிச் சில நாள்தான். காட்டுக்கு அது நல்லதுன்னு எனக்கும் தெரியும். அங்கே சேர்ந்த பிளாஸ்டிக்கை நானே பார்த்திருக்கிறேன். எங்களைக் குறைக்கட்டும். ஆனா குறைக்கிற கணக்கு பணம் கட்டுகிறவனுக்கும் ஒரே மாதிரி இருக்கணும்.

2028ல் அந்த 99 வருஷக் குத்தகை முடியும். கம்பெனி போட்ட தோட்ட ரோடுகள் அப்படியே கிடக்கும். தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து, மஞ்சு மூடி, வண்டி நடமாட்டமே இல்லாமல். மலைச் சைக்கிள்காரன் கனவு காண்கிற பாதை அப்படியே அதுதான். சுற்றுலாவுக்குத் திறங்கன்னு யாராவது கேட்கத்தான் போகிறார்கள். என்னைக் கேட்டால், பாதி ரோட்டைக் காடு தின்றுவிடட்டும்னு விட்டுரணும். ரோந்துக்கும் தீ அணைக்கவும் வேணும்கிறதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். மீதியில் யாரையாவது விடுவதானால், வழிகாட்டுகிற வேலை அங்கே பிறந்தவர்களுக்கு முதலில் போகணும். எந்தச் சரிவில் மண் இளகும், எந்த ஓடைக்கு யானை எந்த மாசத்தில் இறங்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க இப்ப மணிமுத்தாறிலும் கல்லிடைக்குறிச்சியிலும் வாடகை வீட்டில் இருக்காங்க.

மருமகனை மறுநாள் காலையில் வடகால் கரையில் ஓட்டச் சொன்னேன். வாழைத்தோட்டத்துக்கு நடுவே நல்ல மண்ரோடு. போயிட்டு வந்து, எதிரே ஆட்டுக்கிடை வந்ததால் பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன்னு சொன்னான்.